தேரையின் நுரையீரலில் புழு: கிணற்று நீருக்குக் கேடா?

வணக்கம். அழகர்மலை அடிவாரத் தோட்டத்தில் செத்துக் கிடந்த தேரையின் நுரையீரலில் நூல் போன்ற புழுக்களைக் கண்டதாகவும், கண்மாய்த் தவளையில் அவை இல்லாததால் கிணற்று நீரை ஐயுறுவதாகவும் எழுதியிருந்தீர்கள். நீரின் மேல் பழி போட வேண்டாம். கண்ணாடி போன்ற உடலுக்குள் கருங்கோடாக இரத்தம் நிறைந்த குடல் தெரிந்திருந்தால், அவை பெரும்பாலும் ராப்டியாஸ் உருளைப்புழுக்களே. இவற்றின் முட்டைகள் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்குள் இறங்க, எச்சத்தோடு வெளியேறும் இளம்புழுக்கள் ஈரமண்ணில் வளர்ந்து அடுத்த தேரையின் தோலைத் துளைத்து நுழைகின்றன. வாழைப் பாத்தி அதற்குத் தோதான இடம். கண்மாய்த் தவளைகளிலோ நத்தைகளில் வளர்ந்து வரும் தட்டைப்புழுக்களே மிகுதி. ராப்டியாஸ் மனிதரைத் தொற்றுவதில்லை. சில புழுக்களால் வளர்ந்த தேரை சாவதும் அரிது என்பதால், அண்மையில் பூச்சிமருந்து தெளித்தீர்களா என்பதையே நான் முதலில் கேட்பேன்.