எந்தத் தெரு, எந்தப் பக்கம்? தெருக் காவல் குழு பற்றிக் கேள்வி பதில்

தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தாம்பரம் பக்கத்தில் எங்கள் நகர் குடியிருப்போர் சங்கத்தின் எச்சரிக்கைக் குழுவை ஏழு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். திருட்டு, சங்கிலிப் பறிப்பு மாதிரி விஷயங்களை ஊருக்குள் உடனே சொல்லத்தான் அந்தக் குழு. அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

மடிப்பாக்கம் வாசகர்: சார், எங்கள் தெருவில் அறுபது வீடு. வாட்ஸ்அப் குழு போதுமா, எஸ்எம்எஸ்ஸும் வேண்டுமா?

உங்கள் தெருவில் பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பகலில் வீட்டில் இருப்பவர்களும் அவர்கள்தான், தெருவில் யார் போகிறார், வருகிறார் என்று பார்ப்பவர்களும் அவர்கள்தான். அவர்களை விட்டுவிட்டுக் காவல் குழு நடத்த முடியாது. எங்களிடம் அப்படிப் பதினொரு பேர். வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் இரண்டு பேர் அதை அவர்களுக்கு எஸ்எம்எஸ்ஸாக அனுப்பிவிடுவார்கள். மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும் சேவையை வாங்க நினைக்காதீர்கள். அதற்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி பதிவு, முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய வாசகம் என்று ஏகப்பட்ட வேலை. திருடன் வந்து போன பிறகுதான் ஒப்புதல் வரும்.

ஒரு விஷயம், என் பழைய தொழில் புத்தியில் சொல்கிறேன். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம், தமிழில் 70 தான். அதுவும் நாம் எண்ணுகிற மாதிரி எண்ணாது. புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக இடம் பிடிக்கும். ‘பூட்டு உடைப்பு’ என்று எழுதினாலே 14 போய்விடும். அதனால் ‘அன்பார்ந்த நகர்வாசிகளுக்கு வணக்கம்’ எல்லாம் வேண்டாம்.

குரோம்பேட்டை வாசகி: எங்கள் குழுவில் 180 பேர். ஆனால் போன மாதம் வண்டி திருடு போனபோது ராத்திரி யாருமே செய்தியைப் பார்க்கவில்லை. ஏன் அண்ணா?

உங்கள் குழுவில் காலை வணக்கம் வருகிறதா? பிறந்தநாள் வாழ்த்து? மாவு அரைக்கும் கடை விளம்பரம்? அப்படியென்றால் பாதிப் பேர் எப்போதோ மியூட் செய்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவே முடியாது. நானும் என் சொந்தக்காரர்கள் குழுவை அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இரண்டு குழு வையுங்கள். அரட்டை, தண்ணீர் லாரி, கரண்ட் கட் எல்லாம் ஒன்றில். இன்னொன்றில் ஆபத்துச் செய்தி மட்டும். மாதத்துக்கு ஒரு செய்திகூட வராமல் அது காய்ந்து கிடக்க வேண்டும். அப்போதுதான் மணி அடித்தால் எழுந்து பார்ப்பார்கள். அதில் ‘குட் மார்னிங்’ போட்டவரை நான் ஒரு தடவை தனியாக அழைத்துச் சொல்வேன், இரண்டாவது தடவை நீக்கிவிடுவேன். என் மச்சானையே நீக்கியிருக்கிறேன். தீபாவளி வரை பேசவில்லை.

சில ஊர்களில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று பூட்டி வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரவு இரண்டு மணிக்குத் திருடனைப் பார்ப்பது அட்மினாகவா இருக்கப் போகிறார்?

அதே வாசகி: சரி, செய்தியை எப்படி எழுதச் சொல்வது?

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் மாலை ‘சங்கிலி அறுத்துட்டான்! எல்லாரும் உஷார்!!’ என்று ஒரு செய்தி வந்தது. அதன் கீழே நாற்பது பேர் ‘எந்தத் தெரு?’ ‘யாருக்கு?’ ‘ஐயோ’ என்று கேட்டு முடிப்பதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது. மெயின் ரோட்டு முனையில் டீக்கடை வைத்திருப்பவரும் எங்கள் குழுவில் இருக்கிறார். வண்டி எந்தப் பக்கம் போனது என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால் அவர் நம்பரையாவது பார்த்திருப்பார்.

இப்போது எங்கள் செய்திகள் இப்படி வரும்: ‘3வது தெரு, ரேஷன் கடை எதிரே. 6.40. கறுப்பு பைக், இரண்டு பேர், ஹெல்மெட். மெயின் ரோடு பக்கம் போனார்கள். 112க்குச் சொல்லியாச்சு.’ இடம், நேரம், பார்த்தது, போன திசை. கண்ணால் பார்த்தது மட்டும். ‘என்று நினைக்கிறேன்’ வேண்டாம். கேள்வி இருந்தால் செய்தியை எழுதியவரிடம் போனில் கேளுங்கள், குழுவில் கேட்காதீர்கள். விஷயம் முடிந்ததும் அவரே ‘முடிந்தது’ என்று போட வேண்டும். இல்லையென்றால் மறுநாள் காலை அந்தச் செய்தியைப் பார்ப்பவர் அப்போதுதான் கம்பைத் தேடுவார்.

ஆவடி வாசகர்: முதலில் போலீசா, குழுவா?

112. அப்புறம்தான் குழு. நெதர்லாந்தில் தெருமுனையில் பலகையே வைத்து வாட்ஸ்அப் காவல் குழு நடத்துகிறார்கள். அங்கே நான்கு படி சொல்லித் தருவார்கள்: கவனி, 112ஐ அழை, குழுவில் போடு, பிறகு செயல்படு. அங்கேயும் அவசர எண் 112 தான். நம் ஊரில் பலர் மூன்றாவது படியிலேயே நின்றுவிடுகிறார்கள். இருநூறு பேர் பார்த்துவிட்டார்கள், யாராவது போலீசுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று இருநூறு பேரும் நினைக்கிறார்கள்.

திருவள்ளூர் வாசகர்: சந்தேகப்படும்படி யாராவது சுற்றினால் போட்டோ எடுத்துப் போடுகிறோம். பெரும்பாலும் வடமாநில ஆட்கள். இதில் என்ன தப்பு?

நிறையத் தப்பு இருக்கிறது, கோபிக்காதீர்கள்.

2018இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றியது. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பத்தைக் கூட்டம் சூழ்ந்து அடித்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு முதிய பெண் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதுதான் சந்தேகத்துக்குக் காரணம். அந்த முதிய பெண் இறந்துவிட்டார். அவர் சென்னைக்காரர், நம் பாட்டி மாதிரி ஒருவர். அதே வருடம் ஜூலையில் மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டத்தில் ஐந்து பேரைக் கொன்றார்கள். அந்த மாதம்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஃபார்வேர்டை ஒரு நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மட்டும் என்று குறைத்தது.

நீங்கள் போடும் போட்டோ பக்கத்து நகர் குழுவுக்குப் போகும், அங்கிருந்து இன்னொன்றுக்கு. மூன்றாவது குழுவில் ‘சந்தேகம்’ என்ற சொல் உதிர்ந்து ‘திருடன்’ ஆகிவிடும். அந்தப் பையன் கட்டட வேலைக்கு முகவரி தேடி வந்தவனாக இருப்பான். எங்கள் விதி இதுதான்: ஆள் எந்த ஊர், என்ன மொழி என்று எழுதக் கூடாது, என்ன செய்தார் என்று எழுதலாம். ‘வெயிலில் தெருவில் நிற்கிறார்’ செய்தி ஆகாது. ‘பூட்டிய வீட்டு ஜன்னலைத் தள்ளிப் பார்க்கிறார்’ செய்தி. படம் இருந்தால் ஸ்டேஷனுக்கு மட்டும் அனுப்புங்கள். வெளியிலிருந்து வரும் ஃபார்வேர்டுகளுக்கு எங்கள் குழுவில் இடமே இல்லை.

வேளச்சேரி வாசகர்: யாரோ தப்பாகப் போட்டால் அட்மினுக்குக் கேஸ் வருமா?

அட்மினாக இருப்பதாலேயே மட்டும் குற்றம் ஆகாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. நீங்களே அதைத் தூண்டியிருந்தால் கதை வேறு. தப்பான பதிவைக் கண்டதும் அழியுங்கள். அட்மினுக்கு அந்த வசதி இருக்கிறது.

திருநின்றவூர் வாசகர்: குழு மூலம் ஒருவனைப் பிடித்தேவிட்டோம் என்றால்?

கை வைக்காதீர்கள். குற்றம் நடப்பதை நேரில் பார்த்துப் பிடித்த பொதுமக்கள், தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு சொல்கிறது. கம்பத்தில் கட்டி வீடியோ எடுத்தால் அடுத்த கேஸ் உங்கள் மேல்.

பல்லாவரம் வாசகி: ஊருக்குப் போகும்போது குழுவில் சொல்லிவிட்டுப் போகலாமா?

வேண்டாம் அம்மா. குழுவில் இருக்கும் அத்தனை பேரின் வீட்டிலும் அந்தப் போனை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஸ்டேஷனில் சொல்லுங்கள், ரோந்தில் பார்த்துக்கொள்வார்கள். பக்கத்து வீடு, எதிர் வீடு, இரண்டு பேருக்குச் சொன்னால் போதும். கொடைக்கானல் படமெல்லாம் திரும்பி வந்த பிறகு.

பெயர் வேண்டாம் என்ற வாசகி: ஒரு தடவை பூனையைப் பார்த்துத் திருடன் என்று போட்டுவிட்டேன். எல்லாரும் கிண்டல். இனிமேல் எதையும் போடக் கூடாது என்றிருக்கிறேன்.

போடுங்கள். நான் செய்ததைக் கேளுங்கள். விடியற்காலை நான்கு மணி. எதிர் வீட்டுக் காம்பவுண்டு சுவரில் ஒருவன் ஏறுகிறான், முதுகில் மூட்டை. 112க்குச் சொல்லி, குழுவிலும் போட்டு, டார்ச்சோடு வெளியே வந்தால், அது அந்த வீட்டுப் பையன். பெங்களூர் பஸ்ஸில் வந்திருக்கிறான், கேட் பூட்டியிருக்கிறது, அப்பாவை எழுப்ப மனசில்லை. போலீஸ்காரர் வந்து சிரித்துவிட்டுப் போனார், ஒன்றும் சொல்லவில்லை. உடனே குழுவில் ‘முடிந்தது, நம் பையன்தான், என் தவறு’ என்று போட்டேன்.

இப்போதும் அவன் ஊரிலிருந்து வந்தால் என் ஜன்னல் பக்கம் நின்று, “அங்கிள், இன்னைக்கு கேட் வழியாத்தான் வந்தேன்” என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறான்.