டமியா டிடி-02பி பக்கியை கிளப் ரேஸுக்குத் தயார் செய்ய முதலில் எதை மாற்ற வேண்டும்?

டமியா டிடி-02பி (TT-02B) கிட் வாங்கியிருக்கிறீர்கள், நாமே பொருத்த வேண்டிய, நான்கு சக்கரமும் இழுக்கும் 1/10 அளவு ரிமோட் பக்கி. கிளப்பில் ஓட்டுவதற்கு முதல் வேலையாக வேகமான மோட்டார் போடலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். மோட்டாருக்கு அவசரமே இல்லை. கையில் இருக்கும் காசு முதலில் பேரிங்குக்கும் டயருக்கும், அப்புறம் முன்சக்கரங்களைத் திருப்பும் சர்வோவுக்கும் போகட்டும்.

எதையும் வாங்குவதற்கு முன் கிளப்புக்கு ஒரு நடை போய், இந்த வண்டியை எந்தப் பிரிவில் சேர்ப்பார்கள் என்று கேளுங்கள். பொதுவான நான்கு சக்கரப் பிரிவில் ரேஸுக்கென்றே செய்த பக்கிகள் வரும், என்ன செலவு செய்தாலும் அவற்றை இது பிடிக்காது. கிட் மோட்டாரோடு ஓட்டும் பிரிவு இருந்தால் அதுதான் உங்களுக்கு. அங்கே மோட்டாரை மாற்றவே விடமாட்டார்கள்.

அச்சுகள் சுழலும் இடங்களில் வரும் பிளாஸ்டிக் புஷ்களை (வளையங்களை) கிட்டைப் பொருத்தும்போதே தூக்கிப் போட்டுவிட்டு பால் பேரிங் போடுங்கள். 1150 என்று கேட்டால் கொடுப்பார்கள், உள்விட்டம் 5, வெளிவிட்டம் 11 மி.மீ. பிறகு மாற்றலாம் என்று விட்டால் கியர்பாக்ஸை மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும். டமியா திருகுகள் ஜப்பானிய ஜேஐஎஸ் வகை. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் வழுக்கித் தலையைத் தின்றுவிடும், ஜேஐஎஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். திருகு கழலாமல் பிடிக்கும் பசையான லாக்டைட்டை உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மட்டும் தொடுங்கள், பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும். வளைவில் இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃப் (டிஃபரன்ஷியல்) சரியாக சீல் ஆகாத அமைப்பு, சிலிக்கான் ஆயில் ஊற்றினால் கசியும். கெட்டியான கிரீஸ் அடைத்தால் போதும், முன்பக்கம் இன்னும் கெட்டியாக. ஷாக் அப்சார்பரில் ஆயில் ஊற்றியதும் மூடிவிடாமல் குமிழ் எல்லாம் மேலே வரும்வரை விட்டுவையுங்கள்.

டயர் தளத்தைப் பொறுத்தது. நான் ஓட்டும் இங்கிலாந்தில் நிறைய கிளப்கள் கார்பெட்டிலும் ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற செயற்கைப் புல்லிலும்தான் நடக்கின்றன. அங்கே ஷூமாக்கர் மினி பின் மாதிரி சின்னச் சின்ன முள் வைத்த டயர்தான் பிடிக்கும். கிட் டயரோடு போனால் ஒவ்வொரு வளைவிலும் வழுக்கிப் போய் தட ஓரப் பலகையில் நிற்பீர்கள். பக்கத்தில் ஓட்டுபவர் என்ன போட்டிருக்கிறார் என்று பார்த்து அதையே வாங்குங்கள், 12 மி.மீ. ஹெக்ஸ் (அச்சில் மாட்டும் அறுகோணப் பொருத்து) உள்ள வீலாக. இணையத்தில் எழுதும் என்னைப் போன்றவர்களை விட அவர் சொல்வதே சரியாக இருக்கும்.

சர்வோ மெட்டல் கியர் உள்ளதாக இருக்கட்டும். கூடவே மோதலில் சர்வோவைக் காக்கும் டமியாவின் ஹை டார்க் சர்வோ சேவரும் வாங்குங்கள். கிட்டில் வருவது தொளதொளவென்று இருக்கும், நேராக ஓட்டவே கை ஓயாது. மினுமினுக்கும் நீல அலுமினியப் பாகங்கள் பார்க்க அழகு, அவ்வளவுதான்.

பேட்டரி 2எஸ் லிப்போ (இரண்டு செல் லித்தியம் பாலிமர்) என்றால் கடினமான பிளாஸ்டிக் கூடு உள்ள ஹார்ட் கேஸ் வாங்குங்கள். கிட்டோடு வரும் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) நிக்கல் பேட்டரியை மனதில் வைத்துச் செய்தது. ஹாபிவிங் 1060 ஈஎஸ்சி விலை குறைவு, பேட்டரி மிகவும் இறங்குமுன் நிறுத்தும் லிப்போ கட்-ஆஃப் உண்டு, கிட் மோட்டாரைத் தாராளமாகத் தாங்கும். செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி பாழ்.

இதெல்லாம் முடிந்து, வண்டி கவிழாமல் ஐந்து நிமிட ஹீட்டை (ஒரு சுற்றுப் போட்டியை) ஓட்டி முடிக்க வந்த பிறகும் நேர்ப்பாதையில் பின்தங்கினால், பிரிவின் விதி அனுமதித்தால், அப்போது மோட்டாரைப் பாருங்கள். மோட்டார் சூடு ஏறினால் பினியனில் (மோட்டார் அச்சில் உள்ள சின்னப் பல்சக்கரத்தில்) ஒரு பல் குறையுங்கள். அப்புறம், உங்கள் ஹீட் முடிந்ததும் ரிமோட்டை வைத்துவிட்டு நேராகத் தடத்துக்குள் மார்ஷலாகப் போய் நில்லுங்கள், அடுத்தவர் வண்டி கவிழ்ந்தால் நிமிர்த்திவிடுவது உங்கள் முறை.