கேள்வி - பதில்: கொரிந்துக்குப் போன கடிதங்கள்

கேள்வி: ஞாயிறு ஆராதனையில் நிருபம் (விவிலியத்திலுள்ள கடிதம்) வாசிக்கக் கேட்டபோது எழுந்த ஐயம் இது. ஆதித் திருச்சபைத் தலைவர்கள், சச்சரவு மிகுந்த சபைகளுக்கு நேரில் செல்லாமல் கடிதம் எழுதியது ஏன்?
(வாசகர், சாந்தோம், சென்னை)

பதில்: நினைத்தவுடன் செல்ல முடியாததே முதற்காரணம். கடலுக்கு அப்பால் எபேசுவில் ஊழியம் செய்துகொண்டிருந்த அப்போஸ்தலர் பவுல், கிரேக்க நகரான கொரிந்தின் சபையார் ‘நான் பவுலைச் சேர்ந்தவன்’, ‘நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்’ (அப்பொல்லோ அங்கு போதித்த மற்றொருவர்) என்று கட்சி பிரிந்து நிற்பதைக் குலோவேயாள் என்ற பெண்ணின் வீட்டார் சொல்லக் கேட்டு, ஏறத்தாழ கி.பி. 54-இல் எழுதினார். சபையார் கூடியிருக்கையில் உரக்க வாசிக்கப்பட்ட இத்தகைய நிருபம், எழுதியவரே எதிரில் நின்று பேசுவதற்கு ஈடாக விளங்கியது. கொரிந்தியர் அதோடு அடங்கிவிட்டார்களா என்றால், இல்லை. சுமார் 40 ஆண்டுகளுக்குப் பின், குற்றமற்ற மூப்பர்களை (சபையை நடத்தியவர்களை) அவர்கள் பதவியிறக்கியபோது, ரோமாபுரிச் சபை மற்றொரு நீண்ட கடிதத்தை (அச்சபைத் தலைவர் கிளமெந்து எழுதியதாக மரபு கூறுவது) மூவர் கையில் கொடுத்தனுப்பி, சமாதானச் செய்தியுடன் அம்மூவரையும் விரைவில் திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொண்டது.