பெரியப்பா வீட்டைக் கைமாற்றாதீர்கள், தம்பி

தம்பி, நீங்கள் இங்கிலாந்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. நாற்பது வருடமாக இங்கேயே இருக்கும் பெரியப்பா, 79 வயது, பிரிட்டிஷ் குடிமகன், துணையில்லாதவர், விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வீட்டை உங்கள் பெயருக்கு எழுதிவிட்டால் முதியோர் இல்லச் செலவை உள்ளூர் நிர்வாகமான கவுன்சில் கட்டிவிடும் என்று யாரோ சொன்னார்களாம், செய்யலாமா என்கிறீர்கள். கூடவே பிள்ளைக்குப் பள்ளி, வாடகை வீடு, கார் லைசென்ஸ் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதெல்லாம் எல்லோருக்கும் எப்படியோ நடந்துவிடும். பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

செய்யாதீர்கள். கட்டணத்தைத் தவிர்க்கத்தான் சொத்தைக் கைமாற்றினார் என்று கவுன்சில் முடிவு செய்தால், வீடு இன்னும் அவரிடமே இருப்பதாக வைத்துக் கணக்குப் போடும். வாங்கிக்கொண்ட உங்களிடமும் பணம் கேட்கலாம். ஏழு வருடம் தாண்டினால் போதும் என்பார்கள். அது வாரிசு வரிக்கான கணக்கு, இதற்குப் பொருந்தாது. இப்படி யோசனை சொல்கிறவர்கள் முப்பது வருடம் இங்கே இருந்தும் ஒரு படிவத்தை முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுச் சிக்கிக்கொண்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

இங்கே வைத்தியம் இலவசம், பராமரிப்பு இலவசம் இல்லை. புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். இங்கிலாந்தில் 2025-26 கணக்குப்படி, சேமிப்பும் சொத்தும் சேர்ந்து 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் அவருடையது. 14,250க்குக் கீழே இருந்தால் சேமிப்பைத் தொட மாட்டார்கள், வருமானத்திலிருந்து மட்டும் பங்கு கேட்பார்கள். ஆனால் வீட்டுக்கே ஆள் வந்து பார்த்துக்கொள்வதென்றால் வீட்டின் மதிப்பு கணக்கில் வராது. நிரந்தரமாக இல்லத்துக்குப் போனால்தான் வரும். அப்போதும் மற்ற சேமிப்பு குறைவாக இருந்தால் முதல் 12 வாரம் வீட்டைச் சேர்க்க மாட்டார்கள். அதன் பிறகு உடனே விற்காமல், செலவை வீட்டின் மேல் கடனாக ஏற்றி வைக்கும் ஏற்பாடும் கவுன்சிலில் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

இப்போதே இல்லத்தைப் பற்றி ஏன் பேசுகிறீர்கள்? ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வருகிறவர் மறுபடி நடந்து பழக, ஆறு வாரம் வரை இலவசமாக உதவி தரும் ஏற்பாடு இருக்கிறது. அதைக் கேளுங்கள். அவருக்கு என்னென்ன உதவி வேண்டும் என்று நேரில் பார்த்து முடிவு செய்யும் தேவை மதிப்பீட்டையும் கவுன்சிலிடம் கேளுங்கள். 2014 பராமரிப்புச் சட்டப்படி, சொத்து எவ்வளவு இருந்தாலும் அந்த மதிப்பீட்டுக்குக் கட்டணம் கிடையாது. அந்த நாளில் லீவு போட்டாவது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஏன் என்றால், என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு மதிப்பீட்டுக்கு ஒரு பெண் வந்தார். நான் வேலைக்குப் போய்விட்டேன். தானே உடுத்துவீர்களா என்று கேட்டதற்கு அம்மா "எஸ், எஸ்" என்றிருக்கிறார். சமைப்பீர்களா என்றதற்கும் அதே பதில். அம்மா அடுப்பைத் தொட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. இடது கையால் கொசுவம் வைக்க வராமல் புடவையையே விட்டிருந்தார். வெளியாளிடம் முடியவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உதவி தேவையில்லை என்று கடிதம் வந்தது. மறு மதிப்பீடு கேட்டு வாங்கினேன். இரண்டாவது தடவை, அந்தப் பெண்ணின் முன்னால் ஸ்வெட்டர் பொத்தானைப் போடச் சொன்னேன். மூன்றாவது பொத்தானில் அம்மாவின் கை நின்றுவிட்டது. அன்றுதான் காலையிலும் இரவிலும் ஆள் அனுப்ப ஒத்துக்கொண்டார்கள். அதனால் பெரியப்பாவின் நல்ல நாளைச் சொல்லாதீர்கள், மோசமான நாளைச் சொல்லுங்கள். ராத்திரி எத்தனை தடவை எழுந்தார், எங்கே தடுமாறினார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பென்ஷன் வயதைத் தாண்டியவருக்கு, உதவி தேவைப்பட்டு ஆறு மாதம் ஆகியிருந்தால், சொத்தும் சேமிப்பும் பார்க்காமல் தருவார்கள். 2025-26இல் வாரம் 73.90 அல்லது 110.40 பவுண்டு. பழைய பாக்கி கிடைக்காது, விண்ணப்பித்த நாளிலிருந்துதான் கணக்கு. எனக்கு யாரும் சொல்லாததால் அம்மாவுக்கு ஒன்றரை வருடப் பணம் போனது. பெரியப்பா விழுவதற்கு முன்பே அவருக்குத் தடுமாற்றம் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். படிவம் நிரப்ப, முதியவர்களுக்கான தொண்டு நிறுவனமான ஏஜ் யூகே ஆட்கள் உதவுவார்கள். பார்த்துக்கொள்கிறவருக்குத் தரும் கேரர்ஸ் அலவன்ஸை மட்டும் உங்கள் பெயரில் கேட்காதீர்கள். பொது நிதி, அதாவது அரசு உதவித்தொகை, வாங்கக் கூடாது என்ற நிபந்தனை உங்கள் விசாவில் இருந்தால் அது விசாவையே பாதிக்கும். பெரியப்பா தன் பெயரில் வாங்குவதற்கு அந்தத் தடை இல்லை.

கடைசியில் இல்லம்தான் என்று ஆனாலும் மனம் உடையாதீர்கள். 1997இல் நான் இங்கே வந்தபோது முதல் வேலையே ஒரு முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட். படுக்கை விரிப்பு மாற்றத் தெரியாது, அவர்கள் பேசும் ஆங்கிலமும் பிடிபடாது, எல்லாம் அங்கேதான் கற்றேன். ஏழாம் நம்பர் அறையில் இருந்தவருக்கு ஒவ்வொரு ஞாயிறும் மகள் வந்து நகம் வெட்டிவிடுவார். வெட்டி முடித்து, விரல் ஒவ்வொன்றையும் துடைத்துவிட்டுத்தான் போவார். இல்லத்தில் சேர்ப்பதை நம் ஆட்கள் கைகழுவிவிட்டது என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் பார்க்கும் குழு யார் என்று நாளைக் காலையிலேயே வார்டு நர்ஸிடம் கேளுங்கள். வீட்டுக்கு அனுப்பும் தேதி குறிப்பதற்கு முன் அவர்களிடம் பேசிவிடுங்கள்.