அப்பத்தா பார்க்காத கடல்

வாசகர் கேள்விகளுக்குக் கானாடுகாத்தான் ஆச்சி பதில்

போன இதழில் நானும் எங்க வீட்டுக்காரரும் ஆளுக்கொரு தோள்பையோட 47 நாள் ஊர் சுற்றி வந்ததை எழுதியிருந்தேன். மலேசியாவில் பினாங்கு, தாய்லாந்தில் ஹாட்யாய், பாங்காக், வியட்நாமில் சைகோன், கடைசியா துருக்கியில் இஸ்தான்புல். எனக்கு 63 வயசு, அவருக்கு 67. டூர் கம்பெனி இல்லை, கூட்டிப்போக ஆளும் இல்லை. அதைப் படிச்சுட்டு நிறையப் பேர் எழுதியிருக்கீங்க. சில கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கிறேன்.

*

ஆச்சி, எங்க வீட்டில் அவுக பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாச்சு. இரண்டு பேரும் உங்களைப் போலக் கிளம்ப ஆசை. "மொழி தெரியாத ஊர்ல தொலைஞ்சு போனா என்னம்மா பண்ணுவே, பேக்கேஜ் டூரே போ"ன்னு பிள்ளைக சொல்றாங்க. எனக்கும் உள்ளுக்குள்ள அந்தப் பயம் இருக்கு.
*(ஒரு வாசகி, தேவகோட்டை)*

தங்கச்சி, நான் நிஜமாவே தொலைஞ்சு போனேன். அதைச் சொல்றேன், கேளுங்க.

சைகோன்னு நம்ம பெரியவங்க சொன்ன ஊருக்கு இப்போ ஹோ சி மின் நகரம்னு பேர். அங்கே 'பென் தான்'னு பேர் கொண்ட பெரிய சந்தை. போய்ச் சேர்ந்த மூணாம் நாள், அவர் பணம் மாத்திட்டு வரேன்னு போனார். நான் மிளகு விற்கிற கடையில் நின்னேன். வியட்நாம் மிளகு உலகம் பூரா போறது. நம்ம மிளகோட அதை மோந்து பார்க்கணும்னு எனக்கு ஆசை. திரும்பிப் பார்த்தா எந்த வாசல் வழியா வந்தோம்னு தெரியலை. நாலு பக்கமும் ஒரே மாதிரிக் கடைகள். போன் அவர்கிட்ட, ஹோட்டல் அட்டை அவர் சட்டைப்பையில், பாஸ்போர்ட் இரண்டும் அவர் பையில். ஹோட்டல் பேர்கூட என் வாயில் வரலை. 38 வருஷமா அவர் முன்னால போக, நான் பின்னால போயே பழகிட்டேன். அன்னிக்கு அந்தச் சந்தைக்குள்ள நின்னப்போதான் அது எனக்கு உறைச்சது.

முதல் நாள் இரண்டு பேரும் கும்பிட்டுட்டு வந்த மாரியம்மன் கோவில் நினைவுக்கு வந்தது. சந்தையிலிருந்து நடந்து போற தூரம்தான், துருவாங் தின்ங்கிற தெருவில் இருக்கு. கோபுரம் மாதிரிக் கையைக் குவிச்சுக் காட்டி, கும்பிட்டுக் காட்டினேன். பழக்கடைக்காரப் பெண் ஒருத்தி புரிஞ்சுக்கிட்டு, என் கையைப் பிடிச்சு ரோட்டைக் கடத்தி விட்டாள். அந்த ஊரில் ரோட்டைக் கடக்கிறது ஒரு வித்தை. ஸ்கூட்டர்கள் ஆறு மாதிரி வந்துக்கிட்டே இருக்கும், நிக்காது. நாம சீரா, மெதுவா, நிக்காம, பின்வாங்காம நடந்தா அவங்களே விலகிப் போவாங்க. பயந்து ஓடினாலும் நடுவில் நின்னாலும்தான் ஆபத்து.

கோவிலில் நம்ம ஆட்களை விட வியட்நாம்காரங்கதான் அதிகம். மல்லிகைப் பூவும் ஊதுபத்தியுமா வர்றாங்க. கருவறைக்குப் பின்பக்கக் கல்லில் நெற்றியை வச்சு, அம்மன் காதில் சொல்ற மாதிரி முணுமுணுன்னு வேண்டுறாங்க. நானும் அப்படியே நின்னேன். ஒண்ணே முக்கால் மணி நேரம் கழிச்சு அவர் வந்து சேர்ந்தார். ஹோட்டலுக்கு ஓடிப் பார்த்து, சந்தையை இரண்டு சுற்றுச் சுற்றி, கடைசியில் அவருக்கும் அந்தக் கோவில்தான் தோணியிருக்கு.

அன்னிக்கு ராத்திரி முறையை மாத்தினோம். அவரவர் பாஸ்போர்ட் அவரவரிடம். பணம் பாதிப் பாதி. இரண்டு போன், இரண்டு போனிலும் அந்த ஊர் சிம். அந்த ஊர் எழுத்தில் அச்சடிச்ச ஹோட்டல் அட்டை ஆளுக்கு ஒண்ணு. காலையில் வாசல் தாண்டும்போதே "பிரிஞ்சுட்டா எங்கே?"ன்னு ஒரு இடம் பேசிக்கிறது. ஒரு நாள் அவர் வழி கண்டுபிடிச்சா மறுநாள் நான். என் நாளில் அவர் வாயைத் திறக்கக்கூடாது, தப்பான பஸ் ஏறினாலும் சரி.

பேக்கேஜ் டூரை நான் குறை சொல்லலை. ஆனா கொடியைப் பிடிச்சுக்கிட்டு முன்னால போறவரைப் பார்த்தே ஏழு நாள் நடந்தா, வீட்டுக்கு வந்த பிறகும் உங்களுக்கு ஒரு தெரு தெரியாது. உங்களுக்கு வழி தெரியணும் தங்கச்சி. உங்க அவுகளுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதாது.

*

மொத்தம் எத்தனை கிலோ எடுத்துட்டுப் போனீங்க?
*(ஒரு வாசகர், காரைக்குடி)*

ஆளுக்கு ஏழு கிலோ. மலிவு விமானங்களில் கையில் கொண்டுபோக அநேகமா அவ்வளவுதான் விடுறாங்க. மூணு செட் உடுப்பு, துவைச்சுக் காயப்போட ஒரு கயிறு, கோவிலுக்குன்னு ஒரே ஒரு கண்டாங்கிச் சேலை. மாத்திரைகளை டாக்டர் சீட்டோட கைப்பையில் வச்சுக்குங்க. பயணக் காப்பீடு எடுக்காம வாசல் தாண்டாதீங்க.

*

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? பொடி வகைகளைக் கட்டிக்கொண்டு போகலாமா?
*(ஒரு வாசகி, பள்ளத்தூர்)*

நாங்க கறி, மீன் சாப்பிடுறவங்கதான். ஆனா செவ்வாய், வெள்ளி, கிருத்திகை எனக்குச் சைவம். அதனால உங்க கஷ்டம் வாரம் இரண்டு நாளாவது எனக்கும் தெரியும்.

முதல்ல ஒரு எச்சரிக்கை. நம்ம வீட்டு மசாலாவில் கசகசா இல்லாம இருக்காது. சிங்கப்பூரிலும் துபாய் பக்கத்திலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். அபின் செடியோட விதைங்கிறதுதான் காரணம். வழியில் விமானம் மாறத்தான் இறங்குறோம்னாலும் அந்த மசாலாப் பொட்டணத்தை எடுத்துப் போகாதீங்க. பருப்புப் பொடி, இட்லிப் பொடி இரண்டையும் கடைப் பாக்கெட்டாவே, மேலே என்னன்னு அச்சடிச்சிருக்கிற மாதிரி வாங்கிட்டுப் போங்க.

பினாங்கில் உங்களுக்குக் கவலையே இல்லை. ஜார்ஜ் டவுனில் லிட்டில் இந்தியா தெருக்களில் வாழை இலைச் சாப்பாடு, இட்லி, தோசை எல்லாம் உண்டு. அங்கே ஒரு சீனப் பாட்டி கடையில் பூலூத் ஹித்தாம்னு ஒரு கஞ்சி குடிச்சேன். கறுப்பு அரிசியை வேகவச்சு, சர்க்கரை போட்டு, மேலே தேங்காய்ப் பால். ஒரு வாய் வச்சதும் கண்ணில் தண்ணி வந்துடுச்சு. நம்ம கல்யாண வீட்டுக் கவுனி அரிசியேதான்! பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவங்க கொண்டாந்ததுன்னு நம்ம வீடுகளில் சொல்லிக்கிற அந்த அரிசி, அங்கே தெருவோரத்தில் கிண்ணத்தில் கிடைக்குது.

தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து எழுதித் தொங்கினா அது 'ஜே' கடை, சுத்த சைவம். வியட்நாமில் 'ச்சை'ன்னு கேளுங்க. சைவத்தில் வர்ற 'சை'யை நினைவில் வச்சுக்கிட்டாப் போதும். அங்கே பௌத்தர்கள் பலர் அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமிக்கும் சைவம் சாப்பிடுறாங்க, அந்த நாட்களில் ச்சை கடைகளில் கூட்டம் நெரியும். மத்தக் கடைகளில் காய்கறின்னு கேட்டு வாங்கினாலும் மீன் சாறு ஊத்திடுவாங்க. அவங்களுக்கு அது உப்பு மாதிரி. 'ச்சை' பலகை இல்லாத இடத்தில் சைவக்காரங்க உட்காராதீங்க.

இஸ்தான்புல்லில் மெர்ஜிமெக்னு ஒரு சூப். மைசூர்ப் பருப்பைக் கரைய வேகவச்சு, எலுமிச்சை பிழிஞ்சு தருவாங்க. கறிச் சாறு சேர்க்கிறாங்களான்னு மட்டும் கேட்டுக்குங்க. குளிரில் அந்தச் சூப்பும் ரொட்டியும்தான் எங்களுக்கு ஆறு நாள் ராத்திரிச் சாப்பாடு.

*

விசாவுக்கு அலைய வேண்டியிருக்குமா?
*(ஒரு வாசகர், கண்டனூர்)*

நாங்க போனப்போ மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் நம்ம பாஸ்போர்ட்டுக்கு விசா தேவைப்படலை. போறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்பிடணும். வியட்நாமுக்கு ஈ-விசா 25 டாலர். துருக்கிதான் கொஞ்சம் கஷ்டம். அமெரிக்கா, இங்கிலாந்து, அயர்லாந்து, ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலதுக்கும் பொதுவானது) விசா ஏதாவது ஒண்ணு கையில் செல்லுபடியா இருந்தாத்தான் நமக்கு ஈ-விசா. எங்களுக்கு மகன் வீட்டுக்குப் போன அமெரிக்க விசா இருந்தது. இந்த விதிகள் அடிக்கடி மாறும், டிக்கெட் போடுறதுக்கு முன்னால அந்தந்த நாட்டு அரசாங்கத் தளத்தில் பார்த்துக்குங்க.

இன்னொண்ணு. நம்ம பேரில் இனிஷியல் இருக்கு, குடும்பப் பேர் இல்லை. பாஸ்போர்ட்டில் எந்த எழுத்து எங்கே இருக்கோ, டிக்கெட்டிலும் விசாவிலும் அதே எழுத்து அதே இடத்தில் இருக்கணும். இதில் கவனமா இருந்தாப் பாதி அலைச்சல் மிச்சம்.

*

ஆச்சி, எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். இருவரும் வேலையில் ஒரு மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம். நாள் முழுக்க ஒரே ஆளுடன் இருந்தால் சண்டை வராதா? எவ்வளவு பணம் ஆகும்?
*(ஒரு வாசகர், புதுவயல்)*

வரும் தம்பி. எங்களுக்கு பாடாங் பெசார்ங்கிற எல்லை ஸ்டேஷனில் வந்தது. மலேசியாவிலிருந்து ரயிலில் தாய்லாந்துக்குள்ள போற இடம் அது. இரண்டு நாட்டு முத்திரையும் ஒரே ஸ்டேஷனுக்குள்ள குத்துறாங்க. மலேசிய நேரம் தாய்லாந்து நேரத்தை விட ஒரு மணி முன்னால. என் கைக்கடிகாரத்தில் மணி 10, அவர் போனில் 9. ரயில் போயிடுச்சுன்னு நான் அழுகிற நிலையில் இருக்கேன், இன்னும் நேரம் இருக்குன்னு அவர் பெஞ்சில் சாய்ஞ்சு படுக்கிறார். அவர் சொன்னதுதான் சரி. ஆனா காலையில், பினாங்குக்கு எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த்தில் ஏறினதிலிருந்து இரண்டு பேரும் ஒண்ணும் சாப்பிடலை. சண்டைக்கு அதுதான் காரணம், கடிகாரம் இல்லை. ஒரு பொட்டணம் சோறு வாங்கிப் பிரிச்சதும் தணிஞ்சுபோச்சு. பசியோடு எதையும் முடிவு பண்ணாதீங்க. எந்த ஊரிலும் நாலு ராத்திரிக்குக் குறையாமத் தங்குங்க. தினமும் மூட்டை கட்டினா யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். பகலில் இரண்டு மணி நேரம் அவரவர் இஷ்டத்துக்குப் பிரிஞ்சு போய்ட்டு வாங்க. ராத்திரி பேசறதுக்கு விஷயம் இருக்கும்.

பணத்துக்கு, பேரேடு எழுதற வழக்கத்தை விட்டுடாதீங்க. நான் ஒரு சின்ன நோட்டில் தினமும் பற்று எழுதி, ஊர் மாறும்போது ஐந்தொகை (மொத்தக் கணக்கு) போட்டுப் பார்ப்பேன். பினாங்கில் அறை வாடகையோட சேர்த்து இரண்டு பேருக்கும் ஒரு நாளைக்கு 4,600 ரூபாய் ஆச்சு. சைகோனில் 3,900. இஸ்தான்புல்லில் 9,000 தாண்டிடுச்சு, அதனால் அங்கே தங்குறதைப் பத்து நாளிலிருந்து ஆறாக் குறைச்சுக்கிட்டோம். ஆனா அங்கே ஒரு செலவை மட்டும் குறைக்காதீங்க. சாயங்காலம் எமினோனுவில் படகு ஏறிக் கடிக்கொய் போயிட்டு வாங்க. இருபது நிமிஷத்தில் ஐரோப்பாக் கரையிலிருந்து ஆசியாக் கரைக்குக் கொண்டுவிட்டுடும். டிக்கெட் பஸ் கட்டணம் மாதிரித்தான்.

வியட்நாம் நோட்டில் கவனம். நாங்க போனப்போ நம்ம ஒரு ரூபாய் அங்கே ஏறக்குறைய 300 டோங். 20,000 நோட்டும் 5 லட்சம் நோட்டும் இரண்டுமே நீல நிறம். ஒண்ணு நம்ம காசில் எழுபது ரூபாய்க்குள்ள, இன்னொண்ணு ஆயிரத்து அறுநூறுக்கு மேல. ராத்திரி வெளிச்சத்தில் டாக்ஸிக்குக் கொடுக்கும்போது பார்த்துக் கொடுங்க. இரண்டையும் வேற வேற பையில் வச்சுக்கிறது நல்லது.

*

எனக்கு வயது 71. பினாங்கு நகரத்தார் கோவிலைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வீட்டில் ஆச்சிக்கு (என் மனைவிக்கு) முழங்கால் வலி. "நீங்க கூட்டாளிகளோட போய்ட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்" என்கிறாள். போகலாமா?
*(ஒரு வாசகர், கோத்தமங்கலம்)*

அண்ணே, தனியாப் போகாதீங்க.

எங்க ஐயா, அதாவது அப்பத்தாவோட வீட்டுக்காரர், பினாங்கில் ஒரு கடைக்குப் பெட்டியடிப் பையனா (எடுபிடியா) போய், அடுத்தாளாகி (உதவியாளராகி), மேலாளா (பொறுப்பாளரா) இருந்தவர். மூணு வருஷக் கணக்கு முடிஞ்சு வருவார், சில மாசம் இருப்பார், திரும்ப ரஜூலா கப்பல் ஏறிடுவார். அப்பத்தா இந்த வீட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. வீட்டுத் தூணெல்லாம் பர்மாத் தேக்கு, தரையில் இத்தாலிப் பளிங்கு. அப்பத்தா திருச்சிக்கு அந்தப் பக்கம் போனதில்லை. யாராவது அக்கரையிலிருந்து திரும்பினா, முகப்பில் உட்கார வச்சு மோர் கொடுத்துட்டு, "பினாங்குக் கடலும் நம்ம தொண்டிக் கடல் மாதிரித்தான் இருக்குமா?"ன்னு கேட்பாங்க. வந்தவங்க வியாபாரத்தைப் பத்தித்தான் சொல்லுவாங்க. கடலைப் பத்தி ஒருத்தரும் ஒழுங்காச் சொன்னதில்லை. எனக்குப் பன்னிரண்டு வயசு வரை இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். "நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்"னு உங்க ஆச்சி சொன்னதைப் படிச்சதும் எனக்கு அப்பத்தா குரல்தான் கேட்டது.

முழங்கால் வலிக்கு ஏத்த மாதிரிப் போகலாம். தைப்பூசத்துக்கு இப்போதைக்கு வேண்டாம். 1894-இல் செஞ்ச வெள்ளி ரதம், பினாங்குத் தெருவில் இருக்கிற கோவில் வீட்டிலிருந்து, நகரத்தார் கோவில் இருக்கிற தண்ணீர்மலைக்குப் புறப்படுறதைப் பார்க்க ஆசையாத்தான் இருக்கும். ஆனா அந்தக் கூட்டத்தில் ஆச்சியால நிக்க முடியாது. சாதாரண நாளில் போங்க. நகரத்தார் கோவில் 1857-இல் கட்டினது. ரோட்டிலிருந்து நேரா உள்ளே நடக்கலாம், மண்டபத்தில் ஆச்சி எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்காரலாம். பக்கத்திலேயே மலைமேல் இருக்கிற பாலதண்டாயுதபாணி கோவிலுக்கு 513 படி, அதைக் கீழே நின்னே கும்பிட்டுக்குங்க. பினாங்கு ஹில்லுக்கு மேலே வரைக்கும் மலைரயில் போகுது.

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரா விமானம் இருக்கு. அங்கிருந்து பினாங்குக்கு இன்னொரு விமானம் பிடிக்கச் சொல்லுவாங்க, கேட்காதீங்க. பட்டர்வொர்த் வரை ரயிலில் போங்க, நாலு மணி நேரம்தான். ஸ்டேஷனை ஒட்டியே படகுத்துறை. கால் மணி நேரப் பயணம். ஆச்சியை முன்பக்கமா உட்கார வைங்க. தொண்டி மாதிரி இல்லை. அங்கே கடலுக்கு அக்கரை கண்ணுக்குத் தெரியும்.