"எனக்கு டிப்ரஷன்மா"ன்னு பொண்ணு சொன்னா...

கேள்வி: என் பொண்ணு பத்தாவது படிக்கிறா. கொஞ்ச நாளா "எனக்கு டிப்ரஷன்மா, ஆங்சைட்டிமா"ன்னு அடிக்கடி சொல்றா. எல்லாம் ரீல்ஸ் பாத்துட்டு சொல்றா, ஃபோனைப் புடுங்கி வச்சா சரியாயிடும்ங்கறார் அவங்கப்பா. நம்பறதா வேண்டாமா மேடம்?
- ஒரு அம்மா, நாமக்கல்

பதில்: அவ சொல்ற வார்த்தை சரியா தப்பான்னு அப்புறம் பாத்துக்கலாம்மா, எதைச் சொல்ல வந்து அந்த வார்த்தைய எடுத்தான்னு மொதல்ல பாப்போம். நாமெல்லாம் "ஒரு மாதிரியா இருக்கு", "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது", "எதுலயும் மனசு ஒட்டல"ன்னு சொல்லுவோம். இந்தப் புள்ளைங்க கைக்கு வந்து சேர்ந்தது டிப்ரஷன், ட்ராமா, ஓசிடிதான். பேனாவை வரிசையா அடுக்கினாலே ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணமும் செயலும் விடாம திரும்பத் திரும்ப வர்ற நோய்ங்கறாங்க, காலைல சிரிச்சு சாயங்காலம் அழுதா பைபோலார், அதாவது நாள்கணக்கா மனசு ஒரேடியா உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் போற நோய்ங்கறாங்க, அதெல்லாம் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா வார்த்தைய வேணா ரீல்ஸ்லேருந்து எடுத்திருப்பா, தூக்கம் வராம ராத்திரி பூரா பொரண்டு படுக்கறதை எங்கேருந்து எடுப்பா?

ஒரு ஒன்பதாவது பொண்ணு என்கிட்ட வந்து இதையேதான் சொல்லுச்சு. அந்த இங்கிலீஷ் வார்த்தைய கொஞ்சம் ஓரமா வைம்மா, நேத்து காலைல எந்திரிச்சதுலேருந்து சொல்லுன்னேன். "ஒரு பக்கம் ஜடை போட்டேன் மிஸ், இன்னொரு பக்கம் போட கை வரல, ரிப்பனைக் கைல வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன், பஸ் போயிடுச்சு"ன்னுச்சு. அதே காலையப் பத்தி அவங்கம்மாகிட்ட கேட்டா, சோம்பேறித்தனம் மேடம், வேணும்னே பஸ்ஸ விடறான்னாங்க. அவங்க பொய் சொல்லல, அவங்களுக்கு அப்படித்தான் தெரிஞ்சிருக்கு. வளர்ற வயசுல டிப்ரஷன் அழுகையா மட்டும் வராது, எரிஞ்சு விழறதா வரும், கதவைப் படார்னு சாத்தறதா வரும், நாம அதுக்குத் திமிர்னு பேர் வச்சிடறோம்.

அதனால நீங்களும் பேரை விட்டுட்டு நாளைப் பாருங்க. டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருதா, தூக்கம் எப்படி, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பேச்சு நின்னு போச்சா, ஆசையா செஞ்சதையெல்லாம் விட்டுட்டாளா. இது ரெண்டு வாரத்துக்கு மேல விடாம இருந்தா டாக்டர்கிட்ட காட்டணும். மனசு சம்பந்தப்பட்ட நோய்கள்ல மூணுல ஒரு பங்கு 14 வயசுக்குள்ளயே, பாதி 18 வயசுக்குள்ளயே தலைகாட்டிடுதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, அதனால "சின்னப் புள்ளைக்கு என்ன கவலை"ன்னு மட்டும் தள்ளிடாதீங்க.

அதுக்காக எல்லா சோர்வும் நோய்னும் சொல்ல மாட்டேன். இந்த வயசுல ஒடம்போட கடிகாரமே கொஞ்சம் பின்னால தள்ளிப் போயிடும், தூக்கம் லேட்டாதான் வரும், ஆனா 8லேருந்து 10 மணி நேரம் தூங்கியாகணும். ட்யூஷன் முடிஞ்சு ஒன்பது மணிக்கு வந்து, மறுநாள் விடிகாலைல ஸ்பெஷல் கிளாஸ்னா எந்தப் புள்ளைதான் தெளிவா இருக்கும்? ஃபோனைப் புடுங்க வேண்டாம், புடுங்கினா அடுத்த தடவை வாயே தொறக்க மாட்டா. ராத்திரி எல்லார் ஃபோனும் ஹால்ல சார்ஜ்ல இருக்கட்டும், அவங்கப்பா ஃபோனும் சேர்த்துதான்.

டாக்டர்னா எங்க போறது, வெளில தெரிஞ்சா என்ன பேசுவாங்கன்னு பயம் இருக்கும். மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இந்த விவரத்தை ரகசியமா வைக்கறது அவங்க கடமை, ஸ்கூலுக்கெல்லாம் போகாது. போனதுமே மாத்திரை குடுத்துடுவாங்கன்னும் இல்ல, நிறைய புள்ளைங்களுக்கு உக்காந்து பேசற கவுன்சிலிங்லயே நல்ல மாற்றம் தெரியும்.

கேள்வி: அக்கா, நான் பன்னெண்டாவது. என் க்ளோஸ் ஃப்ரெண்ட் செத்துடலாம் போல இருக்குன்னு சொன்னான், யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். நான் என்ன பண்ணட்டும்?

பதில்: தம்பி, உன் லெட்டர் வந்த அன்னிக்கே நீ குடுத்த நம்பர்ல உன்கிட்ட பேசிட்டேன், இதே நெலமைல இருக்கற மத்தவங்களுக்காகத்தான் இங்கயும் எழுதறேன்.

அந்த சத்தியத்தை மீறு. அவன் கோவிச்சுக்குவான், பரவாயில்ல, உயிரோட இருந்து கோவிச்சுக்கட்டும். "சாகணும்னு தோணுதாடா"ன்னு நேராவே கேளு, கேட்டா அந்த எண்ணத்த நாமளே கெளப்பி விட்ட மாதிரி ஆயிடுமோன்னு பயப்படாத, அப்படி ஆகாது, ஒருத்தனாவது கேட்டானேன்னு பல பேருக்கு மூச்சே அப்பத்தான் வரும். அட்வைஸ் எதுவும் வேண்டாம், அவன் சொல்லச் சொல்ல கேளு, தனியா விடாத. நீ நம்பற ஒரு பெரியவங்ககிட்ட, அவன் அக்காவோ உங்க சாரோ, இன்னிக்கே சொல்லு, நாளைக்குன்னு தள்ளாத. அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் 14416க்கு ராத்திரி ரெண்டு மணிக்குக் கூட அடிக்கலாம், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க, அவனுக்குத் தயக்கமா இருந்தா நீ பண்ணி ஸ்பீக்கர்ல போடு. ஏற்கனவே ஏதாவது பண்ணிக்கிட்டான்னு தெரிஞ்சா ஒரு நிமிஷம் யோசிக்காம 108.

அப்புறம் நீயும் ராத்திரி தூங்கலேன்னு எழுதியிருக்க. இதை ஒத்தையா சுமக்காத, உங்கம்மாகிட்டயும் சொல்லிடு.