பேயும் சிரிப்பும் – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

போன போயா லீவில் நண்பர்களோடு 'ஒன் கட் ஆஃப் த டெட்' என்ற ஜப்பானியப் படம் பார்த்தோம். முதல் அரை மணி நேரம் "காசே இல்லாமல் எடுத்திருக்கிறார்கள்" என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தோம். கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். என் அக்கா ஆசிரியை. "வெட்டும் ரத்தமுமாக ஒரு படம், அதற்குச் சிரிப்பு வேறா? இது என்ன ரசனை?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பெரிய செலவில் வரும் பேய்ப்படங்கள் மறந்துபோகின்றன, இந்த மாதிரி மலிவான படங்கள் மட்டும் ஏன் மனதில் நிற்கின்றன?

ஒரு வாசகர், டிக்கோயா

அன்புள்ள தம்பி,

காசு இல்லை என்பதற்காக மட்டும் ஒரு படம் யாருக்கும் பிடித்துவிடாது. காசில்லாமல் எடுத்த மோசமான பேய்ப்படங்கள் ஏராளம், அவற்றை யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. நீங்கள் கைதட்டியது எந்த இடத்தில்? கிரேன் உடைந்துபோய், மேலிருந்து எடுக்க வேண்டிய கடைசி ஷாட் கிடைக்காது என்ற நிலையில், படத்துக்குள் ஒரு பேய்ப்படம் எடுக்கிற குழுவில் இருக்கிற எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் கோபுரமாக நிற்கிறார்களே, அங்கேதானே? கேமரா எங்கும் நிற்காமல் ஒரே ஷாட்டாக ஓடும் அந்த முதல் 37 நிமிடத்தில் நீங்கள் கேலி செய்த ஒவ்வொரு தடங்கலுக்கும் பின்னால் யாரோ ஒருவர் பதறியடித்து ஓடியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிகிறது. 2017இல் ஷினிச்சிரோ உவேதா அதை ஏறக்குறைய 30 இலட்சம் யென்னில், பெயர் தெரியாத நடிகர்களை வைத்து எடுத்தார். படத்துக்குள் இருக்கிற குழுவின் பாடும் வெளியே இருந்த குழுவின் பாடும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இந்த வகைப் படங்களில் பேயும் தெரிகிறது, பேயைச் செய்த கையும் தெரிகிறது. நம்மைப் பிடித்து வைப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

சாம் ரைமியின் 'ஈவில் டெட்' (1981) படத்தில் காட்டுக்குள் ஏதோ ஒன்று தரையோடு தரையாகப் பாய்ந்து வரும், ஞாபகம் இருக்கிறதா? கேமராவை ஆடாமல் கொண்டுபோகும் ஸ்டெடிகேம் கருவிக்கு அவர்களிடம் பணமில்லை. ஒரு பலகையில் கேமராவைப் பொருத்தி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். விலை கூடிய கருவி வழுக்கிக்கொண்டு போயிருக்கும், இது மூச்சு வாங்குகிறது, அதனால்தான் பயம் வருகிறது. ரைமியும் அதன் நாயகன் புரூஸ் கேம்ப்பெல்லும் மிச்சிகனில் பள்ளிக்கூடத் தோழர்கள், அந்த வயதிலேயே சூப்பர் 8 என்ற சின்ன ஃபிலிம் கேமராவில் அடிதடிக் காமெடிகள் எடுத்துப் பழகியவர்கள். பயமுறுத்தவும் சிரிக்கவைக்கவும் தேவைப்படுவது ஒரே கணக்குதான். எவ்வளவு நேரம் காக்கவைப்பது, எந்த நொடியில் விடுவது. 1987இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்தக் கணக்கு இன்னும் துலக்கமாகத் தெரியும்.

அதே 1987இல்தான் நியூசிலாந்தில் பீட்டர் ஜாக்சனின் 'பேட் டேஸ்ட்' வந்தது. அவர் ஒரு பத்திரிகையில் வேலை செய்துகொண்டே, லீவு நாட்களில் கூட்டாளிகளைச் சேர்த்து நாலு வருடம் போல இழுத்து எடுத்த படம் அது. வேற்றுக்கிரகப் பிராணிகளின் முகமூடிகளை அம்மாவின் அடுப்பில் சுட்டு எடுத்தார். இரண்டு வேடத்தில் நடித்து ஒரு மலை விளிம்பில் தன்னோடு தானே சண்டை போட்டார். பிற்பாடு ஒஸ்கார் வாங்கிய மனிதர்தான், ஆனால் அந்தச் சண்டையில் இருக்கிற சந்தோஷத்தை அவருடைய பெரிய படங்களில் நான் பார்க்கவில்லை.

சரி, நமக்கு இதெல்லாம் புதிதா? மாசி மாதம் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து பாருங்கள். ரதி வேஷம் கட்டி வருகிறவர் பகலில் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டு நின்றவர் என்று எல்லோருக்கும் தெரியும், கிரீடம் அட்டையில் செய்தது என்று தெரியும், மன்மதன் எரியப்போகிறான் என்பதும் தெரியும். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் கோமாளியின் பேச்சுக்கு வயிறு குலுங்கச் சிரித்திருப்போம். ஆனால் தப்பு மேளத்தின் அடி மாறி வீரபத்திரன் பாய்ந்து வரும்போது பிள்ளைகள் அம்மாவின் சேலைக்குள் ஒளிகிறார்கள், பெரியவர்களும் இரண்டடி பின்னால் போகிறார்கள். வேஷம் என்று தெரிந்ததால் பயம் ஒரு துளிகூடக் குறைவதில்லை. நம் லயத்து ஆள் ஒருவரே விடிய விடிய நின்று இதைச் செய்கிறார் என்பதால் அவர்மேல் ஒரு மரியாதையும் சேர்ந்துகொள்கிறது. உங்கள் கைதட்டலில் இருந்ததும் இந்த மரியாதைதான்.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். பயத்தையும் சிரிப்பையும் சேர்ப்பது தரக்குறைவு என்றால், நம் நாட்டுத் தென்பகுதிச் சிங்கள மக்களின் சன்னி யகும சடங்கை என்ன சொல்வது? 18 நோய்களுக்கு 18 யக்ஷர்கள், முகமூடி போட்டு ஒவ்வொன்றாக வந்து மிரட்டும். பிறகு மேளக்காரர் அந்த யக்ஷனோடு வாய்கொடுத்து, கேலி பேசி, கூட்டத்தைச் சிரிக்கவைப்பார். நோயாளி அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். தன்னைப் பிடித்த ஒன்றைப் பார்த்து ஊரே சிரிப்பது அவருக்கான வைத்தியத்தில் ஒரு பகுதி.

ஆனால் அக்கா சொல்வதில் நியாயமும் உண்டு. 'ஈவில் டெட்'டில் காடு ஒரு பெண்ணை வன்முறை செய்யும் காட்சியை என்னால் ஏற்கமுடியாது, ரைமியே பிற்காலத்தில் அதற்காக வருந்தியிருக்கிறார். நம் தமிழ்ப் பேய்க்காமெடிகள் பலவற்றில் எனக்கு இருக்கும் கோபமும் இதைச் சேர்ந்ததுதான். அநியாயமாகச் செத்துப்போன ஒரு பெண்ணின் கதை ஒரு பக்கம் ஓடும், இன்னொரு பக்கம் குண்டாக இருப்பவரையும் கறுப்பாக இருப்பவரையும் அறைந்து அறைந்து சிரிப்பு வரவழைப்பார்கள். அங்கே பேயைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, எளியவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். அப்புறம், வேண்டுமென்றே மட்டமாக எடுத்து "இது கல்ட்", அதாவது ஒரு தனி ரசிகர் கூட்டம் கொண்டாடும் படம், என்று விற்கிற படங்களும் இப்போது வருகின்றன. எடுத்தவருக்கே நம்பிக்கை இல்லாத பேயிடம் நான் ஏன் பயப்பட வேண்டும்?

அக்காவுக்குப் போட்டுக் காட்டுவதென்றால் அந்த ஜப்பானியப் படத்தையே போடுங்கள். மற்ற இரண்டோடு பார்க்கும்போது ரத்தம் குறைவு, உள்ளே பார்த்தால் ஒரு அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரு வேலையை ஒப்பேற்றுகிற கதை. முதல் அரை மணி நேரத்தில் எழுந்து போகப் பார்ப்பார், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்